கேள்விக் கடுதாசி: வட்டைக்கு மெசின் வந்த பிறகு

(பதில் எழுதுபவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உப தபாலதிபர்)

இந்த மாதம் வந்த கடுதாசிகளில் நான்கு ஒரே விசயத்தைச் சுற்றியே இருந்தன. மெசின், போன், வங்கிக் கார்ட். வந்தது நல்லதா, வராமல் இருந்திருந்தால் நல்லதா என்று கேட்கிறார்கள். நான்கையும் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் பொறுக்க வேண்டும், உங்கள் கடுதாசிகள் என் மேசையில்தான் இருக்கின்றன.

“எங்கள் பாடசாலையில் விவாதப் போட்டி. ‘தொழில்நுட்ப வளர்ச்சியால் சமூகத்துக்கு விளைந்தது நன்மையே’ என்பது தலைப்பு. நான் எதிரணி. பத்துத் தீமைகள் எழுதித் தருவீர்களா? உண்மையில் நீங்கள் எந்தப் பக்கம்?”
— 11ஆம் தர மாணவி, களுவாஞ்சிகுடி

மகள், பத்துத் தீமைகளை நான் எழுதித் தரமாட்டேன். நீ பத்துச் சொல்வாய், எதிரே நிற்கும் பிள்ளை பத்து நன்மை சொல்வாள், மணி அடித்ததும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போவீர்கள். அதற்குப் பதிலாக உனக்கு ஒரு வட்டையை, அதாவது ஒரு வயல்வெளியைக் காட்டுகிறேன்.

என் அப்பா மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், ஒரு போடியாரிடம் (பெரிய வயல்காரரிடம்) முல்லைக்காரராக, அதாவது வயலைப் பார்த்துக்கொள்பவராக இருந்தவர். தை பிறந்தால் வேளாண்மை வெட்டு. விடியுமுன் பெண்கள் தாக்கத்தியோடு வரிசையாக வரம்பில் வருவார்கள். எட்டுப் பத்துப் பேர் ஒரு பகல் முழுக்கக் குனிந்தால்தான் ஒரு ஏக்கர் வெட்டி முடியும். வெட்டின கதிரை உப்பட்டியாகப் போட்டு வெயிலில் காயவிடுவார்கள். காய்ந்ததும் கட்டிச் சுமந்து, களவெட்டிக்கு, அதாவது நெல் மிதிக்கும் களத்துக்குப் பக்கத்தில் சூடு வைப்பார்கள், கதிர்க்கட்டுகளைப் போராக அடுக்குவார்கள். ஒழுங்காக வைத்த சூடு மழைக்கு நனையாது, வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். எப்போது மிதித்து நெல்லைப் பிரிப்பது, எப்போது விற்பது என்பது எங்கள் கையில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு தேவைப்படும். சூடு மிதிக்கும் இரவில் களவெட்டிக்குள் வீட்டுப் பேச்சுப் பேசக்கூடாது. அதற்கென்று தனிச் சொற்கள் இருந்தன. நெல்லை நெல் என்று சொல்லமாட்டோம், பொலி என்றுதான் சொல்வோம். அந்தச் சொற்களில் பாதியை நானே மறந்துவிட்டேன் என்பது எனக்கு உண்மையான துக்கம்.

போர் ஓய்ந்த பிறகு எங்கள் பக்கம் வெட்டுமெசின் வந்தது. ஒரே ஓட்டத்தில் வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லை வேறாகத் தந்துவிடும். எட்டுப் பேர் ஒரு நாள் செய்ததை ஒரு மணித்தியாலமளவில் முடிக்கும். அதன் நன்மையை எவரும் மறைக்கக்கூடாது. 2011 தை மாதத்தில் மட்டக்களப்பையும் அம்பாறையையும் வெள்ளம் மூடியது உனக்கு நினைவிருக்காது, உன் அம்மாவிடம் கேள். விளைந்து நின்ற வேளாண்மை தண்ணீருக்குள் கிடந்து முளைத்தது. ஆள் தேடி, முறை வைத்து, வாரக்கணக்கில் வெட்ட முடியாத பருவம் வந்துவிட்டது. வானம் கறுக்கும் முன்னர் இரவோடிரவாக லைட் போட்டு வெட்டித் தருகிற மெசினை எந்த விவசாயி வேண்டாம் என்பான்?

எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு மாமி இருந்தா. புருசன் இல்லை, மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு பெரும்போகத்திலும் (மாரிமழைக் கால நெற்செய்கையில்) வெட்டுக்குப் போய், கூலியாக நெல்லும் காசும் வாங்கி, வெட்டு முடிந்த வயலில் கதிர் பொறுக்கி, ஆறு மாதச் சோற்றுக்கு வழி பண்ணுவா. மெசின் வந்து இரண்டு போகம் கழிய அவவைக் கண்டேன். “இப்ப நாரி நோவு இல்ல புள்ள. தை மாசத்தில கையில காசும் இல்ல” என்றா. இரண்டு வசனமும் ஒரே மூச்சில் வந்தது. இரண்டுமே உண்மை. அடுத்த வருசம் மூத்த மகள் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போனாள்.

வயல்காரனுக்கும் முழு இலாபம் வரவில்லை. மெசின் வெட்டித் தரும் நெல் பச்சையாக, ஈரமாக வரும். களஞ்சியத்தில் வைக்க 14 சதவீத ஈரம்தான் தாங்கும். மெசினிலிருந்து இறங்கும் நெல்லில் அது 20ஐயும் தாண்டும். அன்றைக்கே காயப்போட இடமில்லாதவன் அன்றைக்கே விற்கவேண்டும். வாங்குபவனும் ஈரத்தைச் சொல்லி விலையைக் குறைப்பான். தை மாசியில் எங்கள் றோட்டுகளில் பாதியை நெல் மூடிக் கிடப்பது இதனால்தான். சூடு இருந்த காலத்தில் நாங்கள் விலைக்காகக் காத்திருந்தோம், இப்போது நெல்லுக்குக் காத்திருக்க நேரமில்லை. இன்னொன்று பன்றிநெல். பயிர் போலவே வளர்ந்து, முந்திக்கொண்டு உதிர்ந்துவிடும் களை. ஒரு வட்டையில் வெட்டின மெசினைத் துப்புரவு செய்யாமல் அடுத்த வட்டைக்குள் இறக்கினால் அதன் விதையும் கூடவே இறங்குகிறது.

இதில் ஒவ்வொரு நட்டத்துக்கும் மருந்து இருந்தது. ஊருக்கு ஒரு நெல் உலர்த்தும் கூடம் கட்டியிருக்கலாம். கமக்கார அமைப்பே கடன் எடுத்து மெசினை வாங்கியிருந்தால் ஏக்கர் வாடகை ஊருக்குள்ளேயே சுற்றியிருக்கும். வெட்டுக்குப் போன பெண்களுக்கு வேறு தொழில் பழக்கியிருக்கலாம். மெசின் மட்டும் தனியாக வந்தது. என் மனக்குறை அதுதான்.

எதிரணிக்கு இன்னும் வேண்டுமென்றால் வயலுக்கு அடிக்கும் மருந்தைப் பற்றிப் பேசு. பசுமைப் புரட்சியோடு வந்த பூச்சிமருந்துகள் விளைச்சலைக் காத்தன. அவையே வீட்டு மூலையில் எட்டிய தூரத்தில் இருந்ததால், ஒரு கணத்துக் கோபத்தில் எத்தனையோ உயிர் போனது. 1995 அளவில் உலகத்திலேயே தற்கொலை வீதம் மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. மிகக் கொடிய மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள். 1984இல் பரத்தியன் வகை, 1995இல் மொனோகுரோட்டபஸும் மெத்தமிடபஸும், 1998இல் என்டோசல்பன். 2005 ஆகும்போது அந்த வீதம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. நெல் விளைச்சல் அதனால் விழவில்லை. எது ஆகாது என்று பார்த்து, அதை மட்டும் எடுத்தார்கள். பல்லாயிரம் குடும்பங்களில் இன்று ஒருவர் உயிரோடு இருக்கிறார். இதை நீ மேடையில் சொல்லும்போது நிதானமாகச் சொல், கேட்பவர்களில் யாராவது வீட்டில் இழப்பைக் கண்டவராக இருக்கலாம்.

அதே நாட்டில் 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே வீச்சில் நிறுத்தினார்கள். வயல்காரனை யாரும் கேட்கவில்லை. கார்த்திகையில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. மஞ்சளித்த பயிரை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றைக் கொண்டுவந்தாலும் பிழை வரலாம், ஒன்றை நிறுத்தினாலும் பிழை வரலாம் மகள்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டாய். ஒரு கருவி வந்தால் நான் பார்ப்பது இரண்டு: யாருக்கு வேலை குறைந்தது, யாருக்குக் கூலி குறைந்தது. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அவருக்கு என்ன செய்தோம் என்று கேட்பேன். போட்டிக்கு முன் ஒரு நாள் உன் ஊரில் வெட்டுக்குப் போன ஒரு அம்மாவிடம் போய் இரு. அவ சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு போ. நீ எந்த அணியில் நின்றாலும் அது உதவும்.

“அம்மாவுக்கு உதவிப் பணம் வங்கிக்கு வருகிறது. கார்டையும் இரகசிய இலக்கத்தையும் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துத்தான் எடுப்பிக்கிறா. போன கிழமை ‘பரிசு விழுந்திருக்கு, போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்க’ என்று ஒருவன் கேட்க, சொல்லப் பார்த்தா. கார்டே வேண்டாம் என்று விடட்டுமா?”
— வாசகர், அக்கரைப்பற்று

விடவேண்டாம் தம்பி. அம்மாவுக்குப் பழகின மொழியில் சொல்லுங்கள். முன்பு காசுக்கட்டளைக்கு எழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரல் வைப்பார்கள், அதற்கு அறிந்த ஒருவர் சாட்சி வைக்கவேண்டும், அதன் பிறகுதான் நான் காசை எண்ணுவேன். போனுக்கு வரும் அந்த இலக்கம்தான் இன்றைய பெருவிரல். தபாலதிபர் வீடு தேடி வந்து விரலை வெட்டித் தரச் சொன்னால் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். வங்கிக்காரர் எவரும் அந்த இலக்கத்தைக் கேட்பதில்லை. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், மாதம் ஒரு நாள் நீங்களே அம்மாவைக் கூட்டிப் போங்கள். இரகசிய இலக்கத்தை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

“மகள் குவைத்தில். பேரனுக்கு நான்கு வயது, என்னிடம் வளர்கிறான். ‘அம்மா எங்க?’ என்று கேட்டால் போனைக் காட்டுகிறான். போன் இல்லாமல் சோறும் இறங்காது. இந்தப் போன் எங்கள் குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறதா, பிரிக்கிறதா என்று எனக்கு விளங்கவில்லை.”
— ஒரு அம்மம்மா, வாழைச்சேனை

தங்கச்சி, உங்கள் கடுதாசியை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

எண்பதுகளில் நான் வேலை செய்த உப தபாலகத்தில் கிழமைக்கு இரண்டு நாள் வெளிநாட்டுத் தபால் பிரியும். சவூதி, குவைத், கட்டார் முத்திரைகள். அந்த நாட்களில் கவுண்டருக்கு முன்னால் தாய்மார்கள் நிற்பார்கள். நீல ஓரம் போட்ட அந்தக் கடுதாசி வந்து சேர இரண்டு மூன்று கிழமை ஆகும். அதிலே ‘எனக்குக் காய்ச்சல்’ என்று எழுதியிருந்தால், வாசிக்கும் நேரம் காய்ச்சல் சுகமாகியிருக்கும், தாய்க்கு அன்றுதான் காய்ச்சல் தொடங்கும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான்தான் வாசித்துச் சொல்வேன். ஒரு தாய் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வா. அதில் இருந்தது “பிள்ளைகளுக்கு முத்தம்” என்ற இரண்டு சொல்தான். சிலர் கெசட்டில் குரல் பதிந்து, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். நாடா தேய்ந்து அறுந்த பிறகும் அந்தக் கெசட்டை எறியாத வீடுகள் எனக்குத் தெரியும். இரண்டு வருசம் கழித்துத் தாய் வந்து இறங்கும்போது, பிள்ளை அவவைக் கண்டு பயந்து அம்மம்மாவின் சீலைக்குள் ஒளியும்.

உங்கள் பேரன் ஒளிய மாட்டான். அம்மாவின் முகம், சிரிப்பு, கோபம் எல்லாம் அவனுக்குத் தெரியும். போன் செய்த இந்த நன்மையை நான் சிறிதென்று சொல்ல மாட்டேன், அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் நான்.

ஆனால் உங்கள் வீட்டில் ஒரே போன் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று அம்மாவோடு பேசுவது. மற்றது, நீங்கள் அடுப்படியில் நிற்கும்போது கார்ட்டூன் போட்டு அவனை அசையாமல் வைத்திருப்பது. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் இருந்த இடத்தில் திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று. மறுபக்கம், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் ஒன்றரை வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கூடத் திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்திருக்கிறது. திரைக்குள் இருந்து பதில் சொல்லும் ஆளும், சொன்னதையே சொல்லும் பொம்மையும் பிள்ளைக்கு ஒன்றல்ல.

நான் செய்து பார்க்கச் சொல்வது இது. மகளுக்கு அங்கே எப்போது ஓய்வு கிடைக்கும் என்று கேட்டு, ஒரு நேரத்தை நிரந்தரமாக்குங்கள். அவன் படுக்கப் போகும் நேரமாக இருந்தால் நல்லது. போனை அவன் கையில் கொடுக்காமல் ஒரு செம்பில் சாய்த்து வையுங்கள். மகள் “சாப்பிட்டியா, படிச்சியா” என்று கேட்பதை விட்டு, ஒரு கதையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தட்டும், மற்றப் பாதி நாளைக்கு. அவன் நாளைக்காகக் காத்திருக்கப் பழகுவான். சோறு ஊட்டும் நேரம் போனை வேறு அறையில் வையுங்கள். மூன்று நான்கு நாள் அழுவான், நீங்கள் பொறுக்க வேண்டும். அவனை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், காகத்துக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய் என்று எங்கள் ஆச்சிமார் ஊட்டின மாதிரி ஊட்டுங்கள்.

மாதம் ஒரு தரம் அவன் கிறுக்குகிற படம் ஒன்றைக் கடித உறையில் போட்டுக் குவைத்துக்கு அனுப்புங்கள். அவனே முத்திரையை ஒட்டட்டும். மகள் அதைத் தலையணைக்குக் கீழே வைக்கலாம், தொட்டுப் பார்க்கலாம். போனால் அதை மட்டும் தரமுடியாது.

மகள் ஏன் போகவேண்டி வந்தது என்பது வேறு கேள்வி. மேலே அந்த மாணவிக்கு எழுதின மாமியின் மகளும் இதே வழியில்தான் போனாள்.

“என் மகன் போனில் உள்ள ஜீ.பீ.எஸ்.ஐப் பார்த்தே கடலில் திரிகிறான். காற்றும் தெரியாது, வெள்ளியும் தெரியாது. அதே போனில் ‘சுனாமி வருகுது’ என்று மாதம் ஒரு பொய்ச் செய்தியும் வருகிறது. எதை நம்புவது?”
— மீனவர், பாலமீன்மடு

தம்பி, ஜீ.பீ.எஸ். பொய் சொல்லாது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. நான்கு கோள்களின் நேரச் சமிக்ஞை கிடைத்தால் போதும், நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுத் தந்துவிடும். கரைக் கோபுரத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், கடல் வரைபடத்தை முன்னமே இறக்கி வைத்திருந்தால். அதனால் மகன் செய்வது பிழையில்லை. பற்றரி இறங்கினால், போன் தண்ணீருக்குள் விழுந்தால் என்ன செய்வான் என்பதே உங்கள் பயம். அது நியாயமான பயம். அதற்குத் திட்டுவது மருந்தாகாது. நிலவில்லாத ஒரு இரவில் நீங்களும் தோணியில் ஏறுங்கள். போனைப் பொலித்தீன் பையில் கட்டித் தோணியின் முன்பக்க அணியத்தில் வைத்துவிட்டு, ஆறாம்மீன் என்கிற கார்த்திகை வெள்ளிக் கூட்டம் எங்கே எழும்புகிறது, கச்சான் காற்றுக்கும் வாடைக் காற்றுக்கும் அலை எப்படிப் புரள்கிறது என்று காட்டுங்கள். உங்களோடு அந்த அறிவு போய்விடக்கூடாது.

சுனாமிச் செய்திக்கு வருகிறேன். 1978 கார்த்திகை 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. விடிய எழும்பிப் பார்த்தால் தென்னைகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன, தந்திக் கம்பி எல்லாம் அறுந்து கிடந்தது. 900க்கு மேற்பட்டோர் செத்த செய்தியை நாங்கள் வெளியே அனுப்ப வழியில்லை. 2004 மார்கழி 26 அதைவிடக் கொடுமை. அன்று கம்பி இருந்தது, ரெலிபோன் இருந்தது, வானொலி இருந்தது. சுமாத்திராவுக்கு அப்பால் காலை 7 மணியளவில் நிலம் அதிர்ந்ததை உலகத்துக் கருவிகள் எல்லாம் பதிந்துகொண்டன. எங்கள் கரைக்கு அலை வர இன்னும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. கருவியிலிருந்து மட்டக்களப்பு நாவலடிக் கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த மனிதனுக்குச் செய்தியைக் கொண்டுவர ஒரு ஏற்பாடு இல்லை. நாட்டில் 30,000க்கு மேல் செத்தார்கள், அம்பாறை மாவட்டத்தில்தான் கூட. தபால்காரியாக இருந்த எனக்கு அது இன்னும் ஆறவில்லை. செய்தி இருந்தது, போய்ச் சேரவில்லை.

2012 சித்திரை 11ஆம் திகதி பிற்பகல் மறுபடி சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தது. இந்த முறை செய்தி வந்தது. போன், வானொலி, ஒலிபெருக்கி எல்லாம் கத்தின. கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் கல்லடி முழுக்க, வாவியைக் கடக்கும் பாலத்தை நோக்கி ஓடினோம். அப்போது 1924இல் கட்டின பழைய இரும்புப் பாலம்தான், ஒடுங்கியது. மோட்டார் சைக்கிளும் வானும் நடந்து போகிறவர்களும் அதற்குள் நெருக்குண்டு நின்றோம். உயர்ந்த விஞ்ஞானம் எங்களுக்குச் செய்தி தந்துவிட்டது, பாலத்தின் அகலம் எங்களைப் பிடித்து வைத்தது. அடுத்த வருசம் புதுப் பாலம் திறந்தபோது நான் சாமி கும்பிட்டேன்.

அன்று பெரிய அலை வரவில்லை. கடலடி நிலம் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் தண்ணீர் அவ்வளவாகத் தள்ளப்படவில்லை. திரும்பி வரும்போது பலர் “சும்மா ஓட வைச்சிட்டானுகள்” என்று ஏசினார்கள். அது பொய்ச் செய்தி இல்லை தம்பி, நிலம் உண்மையில் அதிர்ந்தது. நீங்கள் கேட்கும் வட்ஸ்அப் செய்தி வேறு. அதில் திகதி இருக்காது, எங்கே அதிர்ந்தது என்று இருக்காது, ‘உடனே பகிருங்கள்’ என்று மட்டும் இருக்கும். அப்படி ஒன்று வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117ஐ அழுத்திக் கேளுங்கள், வானொலியைப் போடுங்கள். நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக நடந்தாலோ எவரையும் கேட்க வேண்டாம், எழும்பி ஓடுங்கள்.

அபாயச் சங்குச் சத்தம் கேட்டால் நான் பத்துத் தரம் சும்மா ஓடவும் ஆயத்தம். உங்கள் வீட்டில் ஆச்சியை யார் தூக்குவது, சின்னவனை யார் தூக்குவது, எந்த ஒழுங்கையால் போவது என்று மகனோடு இன்றிரவே பேசி வையுங்கள்.